மடுக்கரையில் இன்று யார் முறை?

ஒரு காட்டில், கோடை முற்றினால் ஆறு வற்றி, ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். காடு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும். மடுவை ஒட்டி ஆள் உயரத்துக்கு நாணல். நாணலுக்குள் ஒரு சிறுத்தை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா, குழந்தைகளே? குடிக்காமல் இருந்தால் தாகம் கொல்லும். குடிக்கப் போனால் சிறுத்தை கொல்லும்.

அந்தக் காட்டில் மருதி என்று ஒரு கேளையாடு இருந்தாள். கேளையாடு என்றால் ஆடு அல்ல, சின்ன மான். ஆபத்தைக் கண்டால் நாய் போலக் குரைக்கும். மருதிக்குக் கொம்பும் கிடையாது, கூட்டமும் கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தக் குரலும், தும்பி என்கிற குட்டியும்தான். மிருகத்தைப் போய் 'அவள்' என்கிறேனே என்று சிரிக்காதீர்கள். மற்றவற்றை 'அது' என்றே சொல்கிறேன். மருதியையும் தும்பியையும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு சாயங்காலம் மிருகங்கள் எல்லாம் மடுக்கரையில் வந்து நின்றன. தண்ணீர் கண்ணெதிரே கிடக்கிறது. இறங்கத்தான் ஒன்றுக்கும் துணிச்சல் இல்லை.

"யாராவது ஒருத்தர் நாணலைப் பார்த்துக்கிட்டு நின்னா, மத்தவங்க நிம்மதியாக் குடிக்கலாம்," என்றது மயில்.

"அப்போ நீயே நில்லேன்," என்றது காட்டுப்பன்றி.

"நானா? எனக்குத் தொண்டை வறண்டு கிடக்கு. குரலே வராது."

"முயல் நிக்கட்டும்."

"ஐயோ, எனக்குப் பிறந்ததிலிருந்தே குரல் கிடையாதே!" என்று முயல் பன்றியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"மந்தி, நீ?"

"நான் யோசனை சொல்ற ஆளு. நிக்கிற ஆளு இல்லை," என்றது மந்தி.

பூனைக்கு மணி கட்டுகிற கதைதான். ஆளுக்கு ஆள் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். அதற்குள் தும்பி தாயின் வயிற்றில் முட்டினான்.

"அம்மா, நாக்கு மேல ஒட்டிக்கிதும்மா."

மருதி ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி, நான் பார்த்துக்கிறேன். நீங்க இறங்கிக் குடிங்க," என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். காட்டைக் காப்பாற்ற வேண்டும், நாலு பேர் புகழ வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. குட்டிக்குத் தண்ணீர் வேண்டும். அதற்கு யாராவது நிற்க வேண்டும். யாரும் நிற்கவில்லை, அவள் நின்றாள்.

எல்லாரும் குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது நாணல் லேசாக விலகியது. காற்றே இல்லை. மருதி அடிவயிற்றிலிருந்து குரைத்தாள். அடுத்த நொடி கரையில் ஒரு உயிர் இல்லை. சிறுத்தை பாய்ந்து வந்து வெறும் சேற்றைத்தான் பிடித்தது.

"அடேயப்பா, என்ன குரல்!" என்றது மயில்.

"தெய்வம் மாதிரி நின்னே தாயி," என்று பன்றி தலையைத் தாழ்த்தியது.

மருதிக்கு உள்ளுக்குள் இனித்தது. புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கரைக்கு வந்தவுடனே அவளைப் பார்த்தார்கள். அவள் நின்றாள். அதற்கடுத்த நாள் பார்க்கக்கூட இல்லை. நேரே தண்ணீரில் வாயை வைத்தார்கள்.

எல்லாரும் குடித்துப் போன பிறகுதான் மருதி இறங்குவாள். முதல் நாள் அது தற்செயலாக நடந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காவல் நிற்கிறவர் கடைசியில் குடிக்க வேண்டும். இதை யார் விதித்தது? யாரும் இல்லை. ஒருவர் வாயை மூடிக்கொண்டு பொறுத்துப் போனால் போதும், ஊரில் ஒரு வழக்கம் பிறந்துவிடும்.

பன்றிக் கூட்டம் புரண்டு எழுந்த பிறகு மடுவில் என்ன மிஞ்சும்? கலங்கல். மருதி அந்தக் கலங்கலைக் குடித்தாள். வயிறு புரட்டியது. மடியில் பால் குறைந்தது. தும்பி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதான்.

காடு அதைக் கவனித்ததா? கவனித்தது. ஆனால் எப்படி?

"என்ன மருதி, இன்னைக்கு நேரம் கழிச்சு வர்றே?" என்றது பன்றி.

"உன் குரல் கொஞ்சம் காட்டமா இருக்கு. என் காது கூசுது. மெல்லமாக் குரைச்சா என்ன?" என்றது மயில்.

"இடது பக்கமே பார்க்கிறே. வலது பக்கம் யார் பார்க்கிறது?" என்றது மரக்கிளையில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த மந்தி.

உதவி என்று தொடங்கினால் ஊர் அதை வேலை என்று எடுத்துக்கொள்ளும். கூலி இல்லாத வேலைக்கு மேஸ்திரிகள் அதிகம்.

ஒரு நாள் தும்பியின் குளம்பில் முள் ஏறிக் கால் வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் கொதித்தது. மருதி அவனை விட்டு நகரவில்லை. மந்தியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நான் வரலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு," என்று சொல்லியனுப்பினாள்.

மந்தி பொய் சொல்லலாம், புரளி பேசலாம். ஆனால் அன்றைக்கு ஒழுங்காகத்தான் சொன்னது. கரையில் நின்று, "இன்னைக்கு மருதி வரமாட்டா!" என்று காடு கேட்கக் கத்தியது. எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு எல்லாரும் ஒன்றாகத் தலையைக் குனிந்து தண்ணீரில் வாயை வைத்தார்கள்.

பன்றியின் கடைக்குட்டி சிறுத்தை வாயில் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் பன்றி புதரை முட்டித் தள்ளிக்கொண்டு மருதியிடம் வந்தது. கண் சிவந்திருந்தது.

"எங்கடி போனே? என் பிள்ளையைக் கொடுத்துட்டியே!"

"அண்ணே, நான் வரலைன்னு சொல்லி அனுப்பினேனே. நீ கேட்கலையா?"

"கேட்டேன்."

"உனக்குக் கண்ணு இல்லையா? நீ பார்த்திருக்கலாமே?"

"கண்ணு இருக்கு. ஆனா நீ பார்த்துக்குவேன்னு பழகிப் போச்சே! தண்ணியைக் கண்டா தலை தானாக் குனியுது. அப்படிப் பழக்கினது யாரு? நீதானே?"

சொல்லிவிட்டுப் பன்றி ஓவென்று அழுதது. மருதிக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பட்ட பாட்டுக்கெல்லாம் இதுதானா பரிசு? நல்லதுக்குக் காலமே இல்லையா? 'போங்கடா, நீங்களும் உங்க மடுவும்!' என்று குட்டியைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அப்பால் போய்விடலாமா என்று நினைத்தாள்.

ஆனால் பன்றியின் சொல் உள்ளே முள்ளாகத் தைத்துக்கொண்டது. அதில் நியாயம் ஒரு துளிகூட இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. இத்தனை கண்கள் இருந்த காட்டை அவள் ஒரே கண்ணுள்ள காடாக ஆக்கிவிட்டாள். அந்த ஒரு கண்ணும் மூடிய நாளில் ஒரு குட்டி செத்தது.

தும்பியின் கால் ஆறியதும் மருதி கரைக்குப் போனாள். எல்லாருக்கும் உயிர் வந்தது. அவள் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. நாவல் மரத்தடியில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

"என்ன படுத்துட்டே? நில்லு!" என்றது மயில்.

"இதுவரைக்கும் நான் நின்னேன். இன்னைக்கு வேற யாராவது நில்லுங்க. இனிமே ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை."

"இது என்ன புதுப் பழக்கம்?"

"உன் குட்டிக்கும் தாகமா இருக்குமே!" என்று மந்தி கண்ணடித்தது.

"இருக்கும்," என்றாள் மருதி. தும்பி அவள் பக்கத்தில் படுத்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்தாள். ஆனாலும் எழவில்லை.

ஏச்சும் பேச்சும் கிளம்பின. "கொழுப்பு!" என்றது ஒன்று. "தலைக்கனம்!" என்றது இன்னொன்று. இருட்டும் நேரம் வந்துவிட்டது. ஒரு வாய்கூட நனையவில்லை. கடைசியில் பன்றியின் முதுகுக்குப் பின்னாலிருந்து முயல் எட்டிப் பார்த்தது.

"அக்கா, நான் நிக்கிறேன். ஆனா எனக்குத்தான் குரல் இல்லையே?"

"கால் இருக்குல்ல?"

"இருக்கு."

"பின்னங்காலால தரையில ஓங்கித் தட்டு. அதுதான் உன் குரல்."

முயல் நின்றது. பாவம், அதற்கு நாணல் முழுக்கச் சிறுத்தையாகத் தெரிந்தது. ஒரு தவளை குதித்ததும் 'தட்தட்தட்' என்று தட்டிவிட்டது. எல்லாரும் விழுந்தடித்து ஓடினார்கள். சிறுத்தையும் இல்லை, கிறுத்தையும் இல்லை. பன்றி மூச்சிரைக்கத் திரும்பி வந்து கத்தியது.

"இந்தக் கோழையை நம்பித் தண்ணி குடிக்கச் சொல்றியா?"

"தவளைக்கே தட்டுதுன்னா சிறுத்தைக்குத் தட்டாமலா இருக்கும்? திரும்பக் குடி அண்ணே," என்றாள் மருதி.

அன்றைக்கு அவள் தொடங்கியது லேசான வேலை இல்லை. தானே நின்ற காலத்தில் சாயங்காலம் மட்டும்தான் பாடு. இப்போது பொழுது விடிந்தது முதல் பாடு. புதர் புதராகப் போவாள். வளை வளையாகக் குனிந்து கூப்பிடுவாள். "நாளைக்கு உன் முறை, மறந்துடாதே." "உனக்கும் அவனுக்கும் சண்டைன்னா அதைக் கரைக்கு வெளியில வெச்சுக்கோ." ஒன்றை ஆடிக் கறக்க வேண்டும், இன்னொன்றைப் பாடிக் கறக்க வேண்டும். முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால், "வந்துட்டா நாட்டாமை," என்று சிரிப்பார்கள்.

ஒவ்வொன்றின் எச்சரிக்கையும் ஒவ்வொரு விதம். பன்றி உறுமும், மந்தி காறித் துப்புவதுபோல் இருமும், மயில் அலறும், முயல் தட்டும். இத்தனை நாளும் மருதியின் குரைப்பு ஒன்றுதான் எல்லாருக்கும் புரிந்தது. மற்றதன் சத்தத்தை மற்றது மதித்ததே இல்லை. அவள் பகலில் எல்லாரையும் உட்காரவைத்து ஒருவர் சத்தத்தை ஒருவருக்குப் பழக்கினாள். பன்றி சப்புக்கொட்டிக் குடித்தால் முயல் தட்டுவது காதில் விழாது. அதனால் சத்தமில்லாமல் குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆயிற்று.

"குடிக்கிறதுக்கும் சட்டமா?" என்று பன்றி நாலு நாள் அவளோடு பேசவில்லை.

பழைய வழக்கத்தையும் அவள் தலைகீழாகத் திருப்பினாள். காவல் நிற்கிறவரே முதலில் தெளிந்த தண்ணீரைக் குடிக்கலாம் என்றாள். அவ்வளவுதான், பன்றி மூன்று நாள் தொடர்ந்து, "நானே நிக்கிறேன்," என்று ஓடி வந்தது! மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்கும் பஞ்சாயத்து அவள்தான்.

ஒரு நாள் தும்பி கேட்டான்: "நீ எப்பம்மா என்கூட விளையாடுவே?"

"இந்தக் கோடை போகட்டும்டா," என்றாள் மருதி. சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், கோடை போனாலும் இந்த வேலை போகாது என்று. குட்டிக்குத் தண்ணீர் தேடி ஒரு சாயங்காலம் நின்றவள். இப்போது ஆயுசே இதுவாகிப் போனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பல நாள் மடுக்கரையில் ஒரு உயிரும் போகவில்லை. சிறுத்தைக்கு விலா எலும்பு தெரிந்தது.

ஒரு பகலில் மருதி முயல் வளைக்குப் போகும் வழியில், பள்ளத்துக்கு அந்தப் பக்கப் பாறையில் சிறுத்தை படுத்திருந்தது. பள்ளம் ஆழம், தாண்ட முடியாது. அதனால் அவள் ஓடாமல் நின்றாள்.

"மருதியம்மா, சௌக்கியமா?" என்று கேட்டது சிறுத்தை. "உன்னைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. அந்த நன்றி கெட்ட கூட்டத்துக்கு நீ எதுக்கு இப்படித் தேயணும்?"

"வந்த விஷயத்தைச் சொல்லு."

"ஒரே ஒரு சாயங்காலம் நீ காவல் நில்லு. நாணல் அசைஞ்சா வாயைத் திறக்காதே. நான் ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். உன் தும்பி பக்கம் என் ஆயுசுக்கும் தலைவெச்சுப் படுக்கமாட்டேன். நான் கொன்னு தின்பேனே தவிர, வாக்குத் தவறமாட்டேன். அது உனக்கே தெரியும்."

மருதிக்குத் தெரியும். ஒரு கணம் அவள் மனம் ஆடியது. ஆடவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அவள் தாய். தும்பி வளர்ந்து, கொம்பு முளைத்து, பயமில்லாமல் காட்டில் திரிவதை அவள் கண் பார்த்துவிட்டது. யாரைக் கொடுக்க வேண்டியிருக்கும்? தன்னை நாட்டாமை என்று நக்கல் செய்த ஒன்றைத்தானே?

பிறகு அவள் மெல்லச் சொன்னாள்: "இன்னைக்கு என் முறை இல்லையே."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்லை. நாளைக்குப் பன்றி, அப்புறம் மந்தி, அப்புறம் முயல். என் முறை வர்றதுக்கு ரொம்ப நாளாகும். அன்னைக்கும் நான் வாயை மூடினா மத்த கண்ணு சும்மா இருக்காது. பழகிட்டாங்க. நான் ஒருத்தி நின்ன காலத்துல நீ வந்திருக்கணும். இப்போ விலை பேச இங்க ஒருத்தரும் இல்லை."

சிறுத்தை கொட்டாவி விட்டது.

"கெட்டிக்காரி. ஆனா முறைன்னு வந்துட்டா அதுல ஒரு சொத்தை முறையும் இருக்குமே? நான் அதுக்காகக் காத்திருக்கேன். அன்னைக்கு நான் எதை எடுப்பேன்னு உனக்குச் சொல்லணுமா?"

மருதி நேரே கரைக்கு ஓடி எல்லாரிடமும் சொன்னாள். "அது காத்துக்கிட்டிருக்கு. யாரும் அசந்துடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

முயல் நடுங்கியது. பன்றி தலையாட்டியது. மயில் தோகையைக் கோதிக்கொண்டே, "என் கண்ணுக்குத் தப்பி ஈ பறக்காது," என்றது. மந்தியோ இரண்டு கிளை தாண்டிப் போய்க் காதோடு காதாக ஊதியது.

"கேட்டீங்களா? சிறுத்தையோட பேசினாளாமே! நம்மளைக் கண்டா கடிக்கிறது, அவகிட்ட மட்டும் ஏன் உட்கார்ந்து பேசுது?"

நாலு பேர் அதை நம்பவும் செய்தார்கள். மருதியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். இதுவும் அவளுக்குக் கிடைத்த கூலிதான்.

மயிலின் முறை வந்தது. காவல் நிற்கிறவர் நாவல் மரக்கிளையில் இருந்தால் நாணல் முழுக்கத் தெரியும். மயில் கிளையில்தான் உட்கார்ந்தது. முதலில் நன்றாகத்தான் பார்த்தது. அப்புறம் தண்ணீர் குடிக்க ஐந்தாறு பெண்மயில்கள் வந்தன. மயிலுக்குக் கால் தரிக்கவில்லை. கீழே குதித்தது. பெண்மயில்களுக்கு முன்னால் தோகையை விரித்துச் சிலிர்த்துச் சுழன்றது. விரித்த தோகைக்குப் பின்னால் நாணல் மறைந்துபோனது. மயிலுக்கும் தெரியவில்லை, கரையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

மருதி அப்போது எங்கே இருந்தாள்? கரையின் மறுகோடியில். பன்றிக்கும் ஒரு புள்ளிமானுக்கும் இடத்தகராறு. நடுவில் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். தும்பி மட்டும் தனியாக மயிலின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தான்.

சிறுத்தை பக்கத்திலிருந்த இன்னொரு கொழுத்த புள்ளிமானைத் தொடவில்லை. பன்றிக் குட்டிகளைத் தொடவில்லை. தோகையைச் சுற்றிக்கொண்டு வந்து நேரே தும்பியின் கழுத்தைப் பிடித்தது.

மருதி குரைத்தாள். நாணல் மூடிக்கொண்ட பிறகும் குரைத்தாள். குரல் கம்மி, வெறும் காற்றாகிற வரைக்கும் குரைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மிருகங்கள் சீக்கிரமே கரைக்கு வந்தன. மயில் நாவல் மரத்தின் உச்சாணிக் கிளையில், தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு கிடந்தது.

"அதை அடிச்சு விரட்டுவோம்," என்றது பன்றி.

"தோகையைப் பிய்ச்சு எறியணும்," என்றது மந்தி.

மருதி வந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாளில் அவள் இளைத்துப் பாதியாகியிருந்தாள். பன்றிதான் மெல்ல முன்னால் வந்தது. அதற்கும் பிள்ளை போன வலி தெரியுமே.

"தாயி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதே. இந்த முறையெல்லாம் நமக்கு ஒத்துவராது. பழையபடி நீயே நில்லு. நேத்து நீ நின்னிருந்தா உன் பிள்ளை இருந்திருப்பான்."

எல்லாரும், "ஆமா, ஆமா, நீயே நில்லு," என்றார்கள். அவர்கள் அதை வஞ்சகமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார்கள். அதுதான் கொடுமை.

பன்றி சொன்னது உண்மைதான். மருதி நின்றிருந்தால் தும்பி இருந்திருப்பான். அதைவிடப் பெரிய உண்மை ஒன்று அவளுக்கு மட்டும் தெரியும். அன்றைக்குச் சிறுத்தையிடம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் இருந்திருப்பான். இந்தக் கூட்டத்தில் ஒன்று குறைந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு வெந்தது. அங்கே நின்ற அத்தனை முகங்களையும் அவள் வெறுத்தாள்.

பிறகு தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள்.

"மயிலு, இறங்கி வா."

மயில் தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கி அவள் காலடியில் விழுந்தது.

"அக்கா, என்னைக் கொன்னுடுக்கா. இல்லைன்னா மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் இந்தக் காட்டை விட்டே போயிடறேன்."

"மன்னிக்கலை," என்றாள் மருதி. குரைத்துக் குரைத்துக் கிழிந்த தொண்டை. குரல் பாதிதான் வந்தது. "மன்னிக்கவும் மாட்டேன். என் கண்ணு மூடுற வரைக்கும் உன் தோகையைப் பார்த்தா எனக்கு என் பிள்ளைதான் தெரிவான்."

"அப்போ நான் போயிடறேன்."

"எங்க போறே? இன்னைக்கும் உன் முறைதான். மேல ஏறு."

"என்ன தாயி, புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று கத்தியது பன்றி. "இவனை நம்பியா? திரும்பவும் இவனையா?"

மருதி திரும்பினாள்.

"அண்ணே, இன்னைக்கு நான் நின்னா, நாளைக்கும் நான்தான் நிக்கணும். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும். ஒரு நாள் நான் செத்துப் போவேன். அன்னைக்கு நீங்க எல்லாரும் ஒண்ணாத் தலையைக் குனிவீங்க. என் பிள்ளையைக் கொடுத்துட்டேன். இனிக் கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. இந்த முறையையும் கொடுத்துட்டா அவன் எதுக்குச் செத்தான்?"

மயில் அழுதுகொண்டே கிளைக்குப் பறந்தது. தோகையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, நாணலின் மீது கண்ணைக் குத்தி வைத்தது.

ஆனாலும் மற்றவை தண்ணீர்ப் பக்கம் நகரவில்லை. மயிலைப் பார்த்தன, நாணலைப் பார்த்தன, மருதியைப் பார்த்தன. ஒன்றுக்கும் இறங்கத் துணிச்சல் இல்லை.

மருதி தனியாக நடந்து தண்ணீருக்குள் இறங்கினாள். முதுகை நாணலுக்குக் காட்டிக்கொண்டு தலையைக் குனிந்து குடித்தாள்.

நீதி: ஊருக்காக ஒருவரே விழித்திருந்தால் ஊர் உறங்கிப்போகும்; ஊரையே விழிக்கச் செய்யக் கிளம்பியவர், அதன் விலையைத் தம் வீட்டிலிருந்து கொடுக்க நேரும்.